ஒரே மக்கரோனி, இரண்டு சட்டி

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் மக்கரோனி சூப்பா என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் மாட்டிறைச்சி போட்ட மக்கரோனி சூப். மலர்க்குழுவில் இருக்கும் தோழி ஒருத்தியும் இதையேதான் கேட்டாள். "வேற தலைப்பே கிடைக்கலையா?" என்றாள். கிடைக்காமல் என்ன? தாய்மொழியின் சிறப்பு, இளையோரும் வாசிப்பும் என வழக்கமான தலைப்புகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால், கடந்த ஓராண்டாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது இந்தச் சூப்தான். ஆகவே இதையே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. என் வீட்டில் எவரும் உண்பதில்லை. இனி உண்ணும் எண்ணமும் எனக்கில்லை. யாரையும் உண்ணச் சொல்வதற்காகவோ, உண்பதை விடச் சொல்வதற்காகவோ நான் இதை எழுதவில்லை.

மாக்சிக்கின் அகப்பை

தமிழ்ப்பள்ளியில் படித்த பலரையும் போல நானும் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். பசு ஒரு சாதுவான பிராணி, அது நமக்குப் பால் தருகிறது, நாம் அதைத் தெய்வமாக வணங்குகிறோம் என்று எழுதி ஆசிரியரிடம் நட்சத்திரமும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் வரும் 'நாம்' யார் என்று அந்த வயதில் நான் யோசித்ததில்லை. தமிழர் என்றால் அனைவரும் எங்கள் வீட்டாரைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். அங்கே சிற்றுண்டிச்சாலையில் சில நாள்களில் மக்கரோனி சூப் விற்பார்கள். மலாய்க்காரர் வீடுகளில் காலைப் பசியாறலுக்கும் நோன்பு திறப்புக்கும் விரும்பிச் செய்யப்படும் உணவு அது. ஒரு நாள் கோழி போட்டிருப்பார்கள், ஒரு நாள் 'டாகிங்'. மலாயில் டாகிங் என்றால் இறைச்சி என்பதுதான் நேர்ப்பொருள். பேச்சு வழக்கில் பெரும்பாலும் அது மாட்டிறைச்சியைக் குறிக்கும். முதலாம் படிவத்தில் எனக்கு இந்த வேறுபாடு தெரியாது. மங்கை நீட்டியபோது, பரிமாறிக்கொண்டிருந்த மாக்சிக் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு டாகிங். நீ அந்தப் பக்கம் போய் மீ வாங்கிக்கோ. நாளைக்குக் கோழி" என்று மலாயில் சொன்னார். அதன்பின் 5 ஆண்டுகள், நான் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார். ஏன் சாப்பிடமாட்டாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கோழிச் சூப்புக்கு அவர் தனி அகப்பைதான் வைத்திருந்தார்.

வாடகை வீட்டுக் குசினி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நான்கு தமிழ் மாணவிகள் சேர்ந்து ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மூவர் இந்துக்கள். என் அறைத்தோழி பேராக்கிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் நால்வரில் தமிழை மிகத் திருத்தமாக எழுதுபவள் அவள்தான். என் ஒற்றுப்பிழைகளைத் திருத்துவதும் அவளே.

வீட்டிற்கு வந்த முதல் நாளே அவள் எங்களை உட்காரவைத்துக் கேட்டாள். "நான் டாகிங் சமைப்பேன். உங்களுக்கு ஆகாதுன்னா சொல்லிடுங்க, வெளியில சாப்பிட்டுக்கிறேன்." நாங்கள் மூவரும் கலந்து பேசினோம். தனிச் சட்டி, தனிக் கத்தி, தனிப் பலகை, சமைக்கும்போது சன்னலைத் திறந்துவைப்பது என்று முடிவானது. அவள் அந்தச் சாமான்களை ஒரு சிவப்புக் கூடையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அந்தக் கூடையால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அவள் அடிக்கடி செய்வது மக்கரோனி சூப்தான். பக்கத்தில் காய் நறுக்கிக்கொடுத்தே செய்முறை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நான்கு பேருக்கு அரைக் கிலோ இறைச்சி போதும். கடைகளில் உறையவைத்து விற்கப்படும் டாகிங் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி. விலை குறைவு, ஆனால் சற்று முரடு. எனவே பொறுமை வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி, தட்டிய இஞ்சியுடன் 2 லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை வழித்து எடுக்க வேண்டும். சிறு தீயில் ஒன்றரை மணி நேரத்திலிருந்து 2 மணி நேரம்வரை வேகவேண்டும். பிரஷர் குக்கர் இருந்தால் ஏறக்குறைய அரை மணி நேரம்.

இன்னொரு சட்டியில் எண்ணெய் விட்டு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ ஆகிய நான்கையும் தாளிக்க வேண்டும். மலாய்க்காரர்கள் இவற்றை 'நான்கு உடன்பிறப்புகள்' என்று சொல்வார்கள். நம் வீட்டுப் பிரியாணியில் போடும் அதே நால்வர்தாம்! அரைத்த சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சியைச் சேர்த்து வதக்கி, சூப் மசாலைத் தூளைக் கரைத்து ஊற்றி, எல்லாவற்றையும் இறைச்சிச் சட்டியில் கொட்ட வேண்டும். இறைச்சி மெத்தென்று ஆனபின் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டு, அவை வெந்ததும் உப்பு, மிளகுத்தூள். கடைசியில் 'டாவுன் சூப்' எனப்படும் செலரி இலையும் பொரித்த வெங்காயமும் தூவினால் வீடே மணக்கும்.

மக்கரோனியை மட்டும் அவள் சூப்பில் போடவே மாட்டாள். தனியாக உப்பு நீரில் வேகவைத்து, வடித்து, துளி எண்ணெய் விட்டுப் பிரட்டி வைப்பாள். சூப்பிலேயே கிடந்தால் அது ஊறி, உப்பி, சாற்றையெல்லாம் குடித்துக் களியாகிவிடும். மக்கரோனி தனியே இருந்ததால் எங்களுக்கு இன்னொரு வசதியும் கிடைத்தது. அவள் தன் சூப்பை ஊற்றிக்கொள்வாள். நாங்கள் அடுத்த அடுப்பில் இருக்கும் கோழிச் சூப்பை ஊற்றிக்கொள்வோம். மக்கரோனி நால்வருக்கும் பொது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அன்று நான் பேசவில்லை

கழகத்தின் கலை இரவுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டில் அலங்கார வேலை நடந்துகொண்டிருந்தது. மேடைப் பொருள்களை எடுத்துச் செல்ல ஒரு மூத்த மாணவர் வந்தார். நாங்கள் அண்ணா என்று அழைக்கும், மதிக்கும் ஒருவர். குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, என்ன மணம் என்று கேட்டார். அறைத்தோழி மறைக்காமல் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "தமிழ்ப் பிள்ளைங்க வீட்டுல மாடா? அப்புறம் எதுக்குத் தமிழ்க் கழகம்?" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். இரண்டு பேர் உடன் சிரித்தார்கள். அவள் பதில் பேசாமல் அடுப்பைத் தணித்துச் சட்டியை மூடினாள். நான் தரையில் உட்கார்ந்து அட்டையில் எழுத்துகள் வெட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தேன். அன்றிரவு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். அதன்பின் இரண்டு மாதம் அந்தச் சிவப்புக் கூடை வெளியே வரவில்லை.

நண்பர்களே, எது தமிழ் என்று நாம் எதைக்கொண்டு அளக்கிறோம்? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் இசுலாமியர். தமிழின் முதல் நாவல் என்று நாம் படிக்கும் பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்துவர். அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று விசாரித்துவிட்டா நாம் அவர்களைப் படிக்கிறோம்? நள்ளிரவில் படித்துக் களைத்து மாமாக் கடைக்குப் போகிறோம். அங்கே மாட்டுச் சூப்பைக் கிண்டிக்கொண்டிருப்பவர் பல வேளைகளில் நம்மிடம் தமிழிலேயே "என்ன தம்பி வேணும்?" என்று கேட்கிறார். அவர் தமிழர் இல்லையா?

இலக்கியத்தைச் சான்றுக்கு அழைத்தாலும் அது ஒரு பக்கமாகப் பேசுவதில்லை. சங்கப் பாடல்கள் ஊன் உணவை மறைக்கவில்லை. பாலைத்திணைப் பாடல்களில் ஆவைக் கவர்ந்து உண்ணும் மழவர்கூட வருகிறார்கள். திருக்குறளோ 26ஆம் அதிகாரத்தில் புலால் மறுத்தலைப் பேசுகிறது. அது மாட்டை மட்டும் விலக்கவில்லை, எல்லா உயிரின் ஊனையும் விலக்குகிறது. கோழிப் பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அதை மற்றவருக்கு எடுத்துக்காட்ட முடியாது.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. 'உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?' என்ற கேள்வி, நம் முன்னோர் வந்த ஊர்களில் சாதியை அறிவதற்கான கேள்வியாகவும் இருந்தது. சமையலை வைத்து மனிதரைத் தள்ளிவைத்த அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்தது. விளையாட்டாகக் கேட்பவருக்கு இது நினைவில் இல்லாமல் இருக்கலாம். கேட்கப்படுபவருக்கு அப்படியல்ல.

மறுபக்கமும் உண்டு. மாட்டிறைச்சி உண்ணாதவரைப் பார்த்து, "இந்தக் காலத்துலயும் இப்படியா?" என்று கேலி செய்வோர் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அதைக் கேட்டிருக்கிறேன். என் நம்பிக்கை என் பாட்டியிடமிருந்து எனக்கு வந்தது. யாருக்கும் அதற்கு விளக்கம் தர வேண்டிய கடமை எனக்கில்லை. அவள் சட்டிக்கு நான் தரும் மதிப்பையே என் சட்டிக்கும் கேட்கிறேன்.

உப்புப் பார்க்காத சூப்

இரண்டு மாதம் கழித்து என் அறைத்தோழிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவள் கஞ்சியைத் தொடவில்லை. அவள் அம்மாவுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்கவில்லை. "வீட்டுல இருந்தா சூப் வெச்சுக் கொடுத்திருப்பேன்மா" என்று தொலைபேசியில் என்னிடம் அழுதார். எதுவும் யோசிக்காமல், "நான் வைக்கிறேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் பயம் வந்தது. என் அம்மாவை அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சாமி ரூம்புக்குப் போறதுக்கு முந்தி குளிச்சிரு" என்றார். மறுபடியும் அமைதி. "நல்லா வேகவை. சீக்குப் பிள்ளை, மெல்ல முடியாது" என்றார். எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

சிவப்புக் கூடையை எடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டாயா என்று கேட்காதீர்கள். போட்டுக்கொண்டேன். நுரையை வழித்தேன். நால்வரையும் தாளித்தேன். ஆனால், உப்பு எப்படிப் பார்ப்பது? நோன்பு மாதம் முழுவதும் மலாய்த் தோழிகள் பகலில் உப்பைச் சுவைக்காமலேயே சமைக்கிறார்கள் அல்லவா? அதை நினைத்துக்கொண்டு, அவள் அம்மா சொன்ன அளவை அப்படியே போட்டேன். முதல் கரண்டியைக் குடித்ததும், "உப்புக் கம்மி" என்றாள். பிறகு இரண்டு மங்கு குடித்தாள். அன்றைக்கே நான் பேசியிருக்க வேண்டும், மன்னித்துவிடு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மங்கை நீட்டி இன்னும் கொஞ்சம் மக்கரோனி கேட்டாள். அதே மக்கரோனியில் கோழிச் சூப்பை ஊற்றிக்கொண்டு நானும் பக்கத்தில் அமர்ந்தேன்.

நாம் செய்யக்கூடியது

கழக விருந்தில் மாட்டிறைச்சி வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் உண்ணக்கூடியதை வைக்கும் இன்றைய வழக்கம் நல்ல வழக்கம். அது தொடரட்டும். நான் கேட்பது இரண்டுதான். முதலாவது, நிகழ்ச்சிப் பதிவுத் தாளில் 'சைவமா, அசைவமா' என்று இரண்டு கட்டம் போடுவதோடு நிறுத்தாமல், 'நீங்கள் உண்ணாதவை எவை?' என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த மாக்சிக் எனக்குச் செய்ததை நாம் தாளில் செய்யலாம். இரண்டாவது, ஒருவர் தட்டைப் பார்த்து அவர் தமிழரா என்று கேட்பதை வேடிக்கைக்காகக்கூடச் செய்யாதிருப்போம். யாரேனும் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் என்னைப் போல் அட்டை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மொழி நமக்கு அந்த மக்கரோனியைப் போலப் பொதுவாக இருக்கட்டும். அதன்மேல் எந்தச் சூப்பை ஊற்றிக்கொள்வது என்பது அவரவர் வீட்டு வழக்கம்.

இதை எழுதலாமா என்று என் அறைத்தோழியிடம் அனுமதி கேட்டேன். "எழுது. ஆனா டாவுன் சூப்பை விட்டுடாதே, அது இல்லைனா சூப்பே இல்ல" என்றாள். ஒற்றுப்பிழைகளையும் அவளே திருத்திக்கொடுத்தாள்.

அந்த அண்ணன் இப்போது முன்னாள் மாணவர். இம்மலர் அவர் கைக்கும் போகும். அண்ணா, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு வாருங்கள். அடுப்பில் இரண்டு சட்டி இருக்கும். உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பரிமாறுவோம்.