கைதட்டல் அளவையாகுமா?

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் ஒரே மேடையில் அமர்ந்து வாதிடும் காட்சி மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்த நாள்தொட்டுச் சுயமரியாதைக் கருத்தினரும் சமயப் பற்றாளரும் இந்நாட்டில் சொற்போர் நிகழ்த்தியே வந்துள்ளனர். அது தவறன்று, அறிவுடைய சமுதாயத்தில் நிகழத்தான் வேண்டும். ஆனால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பேசியும் வாதத்தின் தரம் உயர்ந்திலதே, அஃது ஏன்? இரு சாராரும் தத்தம் முடிவின்மேல் வைத்த பற்றில் ஒரு பங்கையேனும் அம்முடிவைத் தாங்கும் ஏதுவின்மேல் வைத்தாரில்லை.

"காற்றைக் கண்ணால் காண முடியுமா? அதுபோன்றவனே இறைவன்" என்பார் ஆத்திகர். அவை ஆர்ப்பரிக்கும். காற்று மேனியைத் தீண்டுகிறது, பாய்மரத்தைத் தள்ளுகிறது, அதன் எடையை நிறுத்தே காட்டலாம். கண்ணுக்குப் புலனாகாத பொருளும் உலகில் உண்டு என்பதற்குமேல் இவ்வுவமை எதனையும் நிறுவவில்லை. உடனே நாத்திகர் எழுவார்: "தன் சிலையைத் திருடர் தூக்கிச் சென்றபோது தடுக்க இயலாதவன் கடவுளா?" மீண்டும் ஆர்ப்பரிப்பு. சிலையே கடவுள் என்று கொள்வாரை இவ்வினா வாட்டலாம். உருவமும் அருவமும் கடந்தவன் இறைவன் எனப் பேசும் சித்தாந்தியை இது தொடவே இல்லை. பூசகர் ஒருவர் ஏமாற்றினார், ஆதலின் கடவுள் பொய் என்பதும் இவ்வகையினதே. போலி மருத்துவன் பிடிபட்டால் மருத்துவ நூல் பொய்யாகிவிடுமா? நியூட்டன் நம்பினார், ரஸ்ஸல் நம்பவில்லை என்று பெயர்களை அடுக்குவோரைப் பற்றிக் கூறவே வேண்டா.

குடமும் குயவனும் பற்றிய வாதம் சற்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. குடத்தைக் கண்டால் குயவன் உண்டென அறிகிறோம். அவ்வாறே உலகைக் கண்டு அதனைச் செய்தவன் உண்டென அறிக என்பது நியாய நூலாரும் சைவ சித்தாந்திகளும் நெடுங்காலம் எடுத்தாண்ட வாதம். "அப்படியாயின் கடவுளைப் படைத்தவன் யார்?" என்பது நம் மேடை நாத்திகர் தரும் மறுமொழி. கேட்பதற்குக் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால், உள்ள பொருள் அனைத்துக்கும் செய்தவன் வேண்டும் என்று அந்நூலார் கூறினாரல்லர். தோன்றி அழியும் பொருளுக்கே வேண்டும் என்றனர். இறைவன் தோற்றமில்லாதவன் என்பது அவர் கொள்கை. எனவே அம்பு இலக்கைத் தவறியது.

உண்மையில் வலிய வினாக்கள் வேறு உள. குடம் வனையப்படுவதைப் பலமுறை கண்டுள்ளோம். உலகம் ஒன்று செய்யப்படுவதை எவர் கண்டார்? குயவனுக்கு உடம்பு உண்டே, உலகைச் செய்தவனுக்கு? பலர் கூடி மாளிகை கட்டுவதுபோல் உலகையும் பலர் செய்திருக்கலாகாதா? ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் இறந்தபின் 1779இல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூலில் இத்தகைய வினாக்கள் உள்ளன. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, வேதத்தை உயிரெனப் போற்றிய மீமாஞ்சகர், உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டென்பதை மறுத்து வாதிட்டனர். (இவர்களை எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்த்துவது என்று நம் பட்டிமன்ற அமைப்பாளர் திகைப்பர்!) இவற்றைக் கேட்க வேண்டிய நாத்திகரும் படிப்பதில்லை, விடை கூற வேண்டிய ஆத்திகரும் படிப்பதில்லை.

இறைவன் அளவைக்கு எட்டாதவன், அனுபவத்தால் உணரப்படுபவன் என்று ஒருவர் கூறின், அது மதிக்கத்தக்க நிலையே. ஆனால், அவர் காற்றையும் குடத்தையும் காட்டி வாதத்தைத் தொடங்குதல் கூடாது. தாம் வெல்லும்வரை அளவை வேண்டும், தோற்கும்போது அளவைக்கு எட்டாது என்பது என்ன முறை?

தமிழருக்கு இக்கலை அயலதோ? மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதியர் பலரைக் கண்டு, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். காட்சியன்றி வேறு அளவை கொள்ளாத பூதவாதியிடம், கருதல் அளவை இன்றி உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என வினவுகிறாள். துணைக்குக் கடவுளை அழைத்தாளில்லை. அவன் நின்ற இடத்திலேயே அவனை மடக்கினாள். பின்னர் அறவண அடிகள் அவளுக்குப் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டுப்போலி 10 என வாதக் குற்றங்களை வகுத்துரைக்கிறார். கடினம் என்று அக்காதையைத் தாண்டிச் செல்லும் ஆசிரியரே, அதே மாணவனைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்கையில் காற்று உவமையை மனப்பாடம் செய்விக்கிறார்.

பட்டிமன்றம் பொழுதுபோக்குத்தானே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பாரும் உளர். பொழுதுபோக்குக்கு மாமியார் மருமகள் சண்டை போதாதா? கடவுளை மேடையேற்றுவானேன்? எதிரியின் கொள்கையை அவனே ஒப்புமாறு முதலில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கலாம் என்று நடுவர் விதித்துப் பார்க்கட்டும். நம் சொற்போர் வீரருள் எத்தனை பேர் தேறுவர்?

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அவ்விதிக்குத் தாமே உட்பட்டார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அவர் முதற்கண் எடுத்துக்கொண்டது உலகாயதரைத்தான். அவர்தம் வாதத்தைச் செய்யுளாக்கி முழுமையாகப் பேசவிட்ட பின்னரே மறுக்கத் தொடங்கினார். உலகாயதர் தாமே எழுதிய பழந்தமிழ் நூல் எதுவும் இன்று நம் கையில் இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அறிய விரும்பும் நாத்திகரும் இச்சைவ நூலைத்தான் புரட்ட வேண்டியுள்ளது.