கையெழுத்துப் போடவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு மனுவோடு வந்தார்கள். "சார், பக்கத்துக் காலி மனையில மழைத்தண்ணி நிக்குது. ஒரே கொசு. கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கச் சொல்லிக் கேக்கிறோம். ஒரு கையெழுத்துப் போடுங்க." நான் போடவில்லை. அன்றிலிருந்து மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கேளம்பாக்கம். உப்பளமும் உப்பங்கழியும் கூப்பிடு தூரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை பைனாகுலரை மாட்டிக்கொண்டு உள்ளான்களைத் தேடிப் போவது, ஓய்வு பெற்ற பின் எனக்கு வந்த பழக்கம். பலத்த மழை பெய்தால் கழியில் ஆழம் கூடிவிடும். நெடுங்கால் உள்ளான் எப்படியோ சமாளித்து நிற்கும். குட்டைக்கால் கொசு உள்ளான் என்ன செய்யும்? அது இரை பொறுக்குவது ஓர் அங்குலத் தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும்தான். சுமார் 25 கிராம் எடையுள்ள அந்த உயிர் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது. கழி நிரம்பிய நாளில் அதற்குச் சோறு போடுவது, நாம் 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லும் இந்தப் பள்ளம்தான்.

கொசு வருமே என்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது மூடாத தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும். நம் மொட்டைமாடியில் மூன்றும் இருக்கின்றன. அதற்கு யாரும் மனு எழுதவில்லை. பள்ளத்திலும் வேறு கொசு வளரும், மறுக்கவில்லை. அதற்கு வழி, நம் கழிவுநீரை அதில் விடாமல் இருப்பது.

பள்ளத்தை மேடாக்கினால் மழை குறைந்துவிடுமா? அந்தத் தண்ணீர் நம் தரைத்தளத்துக்குத்தான் வரும். 2015 டிசம்பரை அதற்குள் மறந்துவிட்டோமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது இதே சங்கத்தார் வாட்ஸ்அப்பில் கைதட்டினார்கள். அங்கே கைதட்டல், இங்கே இடிபாடா?

இன்று காலை அந்த மனையில் பதினேழு கொசு உள்ளான்களை எண்ணினேன். நாளை ஆறரை மணிக்கு மொட்டைமாடிக்கு வாருங்கள், பைனாகுலர் தருகிறேன். பார்த்த பிறகும் இடிபாடு கொட்டத்தான் வேண்டுமென்றால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். அப்போதும் கையெழுத்துப் போடமாட்டேன். காபி மட்டும் உண்டு.