மோட்டார் இருக்கட்டும், முதல்ல திருகைப் பாருங்க

போன வாரம் திருப்புறத்தில் இருந்து அத்தை மகன் போன் பண்ணினான். ஊரில் சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கான். "அண்ணா, மில்லிங் மெஷினை கம்ப்யூட்டர்ல ஓட வைக்கப் போறேன். சாமான் வாங்க கொஞ்சம் பணம் குறையுது" என்றான். பட்டியலும் வந்தது.

நான் வெறும் பி.காம். ஆனா கடன் மனுவோட வர்ற கொட்டேஷன்களைப் படிச்சே பொழப்பு ஓட்டுறவன். பெரிய மோட்டார் மூணு, டிரைவர், கண்ட்ரோலர், டச் ஸ்கிரீன்... எல்லாம் இருக்கு, பால் ஸ்க்ரூ மட்டும் இல்லை. கேட்டா, "பழைய திருகே போதும்ணா, சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம்" என்கிறான்.

இங்கதான் எனக்கும் அவனுக்கும் சண்டை. பழைய திருகில் கொஞ்சம் லூஸ் இருக்கும். கைப்பிடியைத் திருப்பித் சுத்தினா, அந்த லூஸ் தீர்ற வரைக்கும் மேஜை நகராது. பேக்லாஷ் என்பது இதுதான். கையால ஓட்டுறப்போ அவன் விரலுக்கு அது தெரியும், தானா சமாளிச்சுக்குவான். மோட்டாருக்கு ஏது விரல்? ஒரு வட்டம் வெட்டச் சொன்னா, மேஜை திசை மாறுற நாலு இடத்திலும் தழும்பு விழும். சாஃப்ட்வேர் அந்த லூஸுக்குச் சேர்த்து திருகைச் சுத்தும், உண்மைதான். ஆனா கட்டர் இழுக்கிற இழுப்பில் மேஜை அந்த இடைவெளிக்குள்ள ஆடினா அதால ஒண்ணும் பண்ண முடியாது.

அதுக்காக உசத்தியா அரைச்சு எடுத்த திருகுதான் வேணும்னு சொல்லலை. சி7 தரம்னு விக்கிற உருட்டித் தயாரிச்ச திருகில் 300 மில்லிமீட்டருக்கு 0.05 மில்லிமீட்டர் வரை பிசகு வரலாம். அவன் செய்யுற வேலைக்கு அது தாராளம். சாதாரண ஸ்டெப்பர் ஒரு சுத்துக்கு 200 படி. 5 மில்லிமீட்டர் புரியில் ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர் நகரும். பெரிய மோட்டார் போட்டா துல்லியம் கூடும்னு நினைக்கிறான், கூடாது. பெரிய ஸ்டெப்பர் பல சமயம் வேகத்தில் இழுவையைச் சீக்கிரமா இழந்துடும். படி தவறினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால மோட்டாரை ஒரு அளவு குறைச்சுக்கோ, டச் ஸ்கிரீனை அடிச்சிடுன்னேன். லினக்ஸ்சிஎன்சி இலவசம், பழைய கம்ப்யூட்டரே போதும். மிச்சமாகிற காசு திருகுக்கும், அதோட முனையைக் கடைஞ்சு பேரிங் போடுறதுக்கும் போகட்டும்.

இன்னொண்ணு, கரெண்ட் போற ஊர் நம்ம ஊர். பழைய திருகு உரசலிலேயே நிக்கும். பால் ஸ்க்ரூ வழுக்கிக்கிட்டு சுத்தும், கரெண்ட் போனா மேல இருக்கிற தலைப்பகுதி தன் பாரத்தில் கீழ இறங்கிடும். கீழ வேலைத்துண்டு இருக்கும், சில நேரம் கையும் இருக்கும். அந்த அச்சுக்கு பிரேக் வச்ச மோட்டார்தான் வேணும்.

"ரெடிமேடா ஒரு மெஷினே வாங்கிக் கொடுத்துடலாமே" என்கிறாள் வீட்டம்மா. மாசாமாசம் தவணை கட்டுற அளவுக்கு அவனுக்கு இன்னும் ஆர்டர் கிடையாது. இந்த சாமானுக்கே பொண்டாட்டி வளையலை அடகு வச்சிருக்கான். அதனாலதான் இவ்வளவு கத்துறேன். உங்க வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருப்பான், பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பட்டியலை ஒரு தடவை வாங்கிப் பாருங்க.

நேத்து புதுப் பட்டியல் அனுப்பியிருக்கான். பால் ஸ்க்ரூ வந்துடுச்சு, டச் ஸ்கிரீன் போயிடுச்சு. பிரேக் மோட்டாரை மட்டும் காணோம். ராத்திரி மறுபடி போன் போடணும்.