தொட்டால் தெரியாத கால்

திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரை செல்லும் சாலையருகே ஒரு சிற்றூரில், விபத்தில் கால் சிதைந்த உழவர் ஒருவரைக் கண்டுவரச் சென்றிருந்தோம். கணைக்காலின் முன்னெலும்பை மூடியிருப்பது தோல் மட்டுமே. அது கிழிந்தால் எலும்பு வெளியே தெரியும். அவருக்கும் அப்படியே ஆயிற்று. மருத்துவர்கள் கெண்டைச் சதையின் ஒரு பகுதியை இரத்தக் குழாயோடு திருப்பி எலும்பை மூடி, அதன்மேல் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். புண் ஆறிவிட்டது. ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சியில்லை.

“காலு இருக்குதுங்க, தொட்டாத்தான் தெரியல. செத்த சதையை வச்சுத் தச்சிட்டாங்களோ?” என்றார்.

அவருடைய தாயாரோ, உணர்ச்சி திரும்பட்டுமென்று ஒத்தடத்திற்கு மணலை வறுத்துக்கொண்டிருந்தார். அதைத் தடுத்து நிறுத்திய பிறகே நமக்கு மூச்சு வந்தது.

அன்பர்களே, அந்தச் சதை சாகவில்லை. நட்ட நாற்று சில நாளில் பச்சை பிடிக்கிறது. கதிர் வரவோ மாதங்கள் ஆகின்றன. வைத்த சதையில் இரத்தம் ஓடுவது பச்சை பிடித்ததைப் போன்றது. உணர்ச்சி அதற்குப் பின்னர் வருவது. அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளரும். சுற்றிலுமுள்ள தோலிலிருந்து அது உள்நோக்கிச் செல்வதால், ஓரங்களில் முதலிலும் நடுவில் கடைசியிலும் உணர்ச்சி தோன்றும். அழுத்தமும் வலியும் முன்னதாகத் தெரியலாம். பஞ்சின் மெல்லிய தீண்டல் தெரிய நெடுநாள் ஆகலாம். சிலருக்கு ஓரளவு மரத்த தன்மை நிலைத்தும் விடும்.

வலி தெரியாததில் என்ன தீங்கு என்பதை நம் தமிழகத்திற்குக் கற்பித்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதாக உலகம் எண்ணியிருந்தது. வலியை அறியாமையால் நேரும் சூடும் காயமும் எலிக்கடியுமே விரல்களைத் தின்கின்றன என்று அவர் கண்டறிந்தார். நரம்பு காவாத இடத்தைக் கண் காக்க வேண்டும் என்பதே அவர் தந்த பாடம். அது இந்த உழவருக்கும் பொருந்தும்.

ஆகவே, காலையும் இரவும் நல்ல வெளிச்சத்தில் அவ்விடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். சிவப்பு, கொப்புளம், நீர்க்கசிவு, கருமை ஆகியவற்றில் எது தோன்றினும் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். ஒத்தடம் எவ்வகையிலும் ஆகாது. குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் அறிந்த பின்னரே காலில் ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளின் சைலென்சர் காலைச் சுட்டாலும் தெரியாது என்பதை மறக்கலாகாது. மருத்துவர் இசைவு தரும்வரை சேற்றிலும் அறுத்த தாளிலும் இறங்கக் கூடாது. பீடியைக் கைவிட வேண்டும்; அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

நரம்பைப் பழக்கவும் வழியுண்டு. புண் முழுதும் ஆறியபின், மருத்துவரின் இசைவோடு, பஞ்சினால் அவ்விடத்தை மெல்லத் தொடுங்கள். முதலில் பார்த்துக்கொண்டும், பிறகு கண்களை மூடிக்கொண்டும். மனைவி மக்களும் இதில் துணை செய்யலாம்.

சில திங்கள் கழித்து மீண்டும் அவ்வில்லம் சென்றோம். “ராத்திரியில ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க, என்னமோ ஆயிடுச்சு” என்று அவர் அஞ்சினார். விளக்கை அருகே கொண்டுவரச் செய்து பார்த்தோம். எறும்புமில்லை, புண்ணுமில்லை. நரம்பு வந்துகொண்டிருக்கும் செய்தியாகவே அதைக் கொள்ளலாம் என்றோம். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது சொல்லுமாறும் கூறினோம்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. மகனின் காலருகே அமர்ந்து, பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, “கண்ணை மூடுப்பா” என்றார்.