பட்டியல் குமாஸ்தா வேலையா?

"உறுப்பினர் பட்டியல் குமாஸ்தா வேலை, மேடை முழக்கமே போராட்டம்" என்று ஆசிரியர் சங்கங்களில் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் அமெரிக்காவின் சிகாகோவைப் பார்க்கட்டும்!

அங்கே ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, மொத்த உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் ஆதரித்து ஓட்டளிக்க வேண்டும் என்று 2011-ல் சட்டம் போட்டார்கள். ஓட்டுப் போடாமல் வீட்டிலிருப்பவரும் எதிரிக் கணக்கிலே சேருவார்! சங்கம் முடங்கிவிடும் என்று ஆளுவோர் மனப்பால் குடித்தனர்.

சங்கமோ பள்ளிவாரியாக ஆட்கணக்கு எடுத்தது. ஆளுக்கு ஆள் பேசியது. மாதிரி வாக்கெடுப்பு நடத்திப் பலத்தை அளந்தது. 2012 ஜூனில் உறுப்பினர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஆதரித்தனர். செப்டம்பரில் சுமார் 26,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

யார் வரவில்லை என்றே தெரியாத சங்கம் யாரைப் போய்ப் பார்க்கும்? தோழர்களே, பட்டியலை எடுங்கள்! பள்ளி பள்ளியாகச் செல்லுங்கள்!