சாளை என்ன, சும்மா வந்ததா?

அயிரையைப் போட்டு விராலைப் பிடிக்கிறவனை நம்ம ஊர்ல கெட்டிக்காரன்னு சொல்லுவாங்க. சரிதான். ஆனா அந்தச் சொலவடையில யாரும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அயிரையைப் போடுறவனுக்கு அயிரையோட விலை தெரியும். மதுரைப் பக்கம் அயிரைக் குழம்பு சாப்பிட்டவங்களைக் கேளுங்க, அது எவ்வளவு விலைன்னு சொல்லுவாங்க. விலை தெரிஞ்சவன் ஒண்ணு போட்டு ஒண்ணு எடுப்பான். விலை தெரியாதவன் கூடையோட கவிழ்ப்பான்.

நான் ஆணி பிடுங்குற சான் டியேகோவுல கூடையோடதான் கவிழ்க்கிறாங்க. அதுல நம்மாளுங்களும் நிறைய பேர். அதனாலதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்க பாயிண்ட் லோமா பக்கத்துல இருந்து வாடகை மீன்பிடிப் படகுகள் கிளம்பும். அரை நாள், ஒரு நாள், ஒன்றரை நாள்னு ஆரம்பிச்சு ரெண்டு வாரம் வரைக்கும் பயணம் உண்டு. நீளமான பயணம்னா மெக்சிகோ கடலுக்கே போயிடும். டிக்கெட் வாங்கி ஏறினா போதும், தூண்டில்கூட வாடகைக்குக் கிடைக்கும். குறி எல்லாம் பெரிய மீன்மேல: ப்ளூஃபின் சூரை, யெல்லோடெயில், டொராடோ. இரை பெரும்பாலும் உயிரோட இருக்கிற பசிபிக் சார்டின், சில நாள் நெத்திலி. சார்டின் வேற யாரும் இல்லை, நம்ம சாளைக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

இந்த இரை எப்படி வருதுன்னு பாருங்க. சுத்து வலை போட்டுப் பிடிச்சு, வளைகுடாவுக்குள்ள மிதக்கிற பெரிய தொட்டிகள்ல சில நாள் வச்சிருப்பாங்க. வலையில உரசி செதில் உதிர்ந்ததெல்லாம் அங்கயே செத்துப்போகும். பிழைச்சது தேறி உறுதியாகும். கடலுக்குப் போற படகு அந்தத் தொட்டிகிட்ட ஒதுங்கி, பெரிய அள்ளுவலையால மீனை அள்ளித் தன்னோட தொட்டியில நிரப்பிக்கும். கடல்தண்ணி ஓடிக்கிட்டே இருக்கிற தொட்டி, இல்லைன்னா விடியறதுக்குள்ள பாதி செத்து மிதக்கும். இவ்வளவு வேலைக்கு அப்புறம்தான் அந்தச் சாளை நம்ம கைக்கு வருது.

கைக்கு வந்ததும் நடக்கிறது என்ன? நான் பார்த்ததைச் சொல்றேன். பக்கத்து ஆபீஸ்காரர் ஒருத்தர், டீம் அவுட்டிங்னு வந்தவர், தொட்டியில கைய விட்டு நாலு மீனைக் கசக்கிப் பிடிச்சு கடற்காக்காவுக்குத் தூக்கிப் போட்டார். எதுக்கு? பறவை பாய்ந்து பிடிக்கிறதை நண்பர் வீடியோ எடுக்கணுமாம். "இரைதானே பாஸ், டிக்கெட்டுக்குள்ள அடக்கம்"னார். இன்னொருத்தர் சாளையைச் செவுள்ல கொக்கி மாட்டி, தலைக்கு மேல சுழட்டி எறிஞ்சார். தண்ணியில விழும்போதே அது செத்த மீன். நாலு நிமிஷத்துல அடுத்தது. இப்படியே சாயந்திரம் வரைக்கும்.

"டிக்கெட்டுக்குள்ள அடக்கம்". வியாதியே இந்த ரெண்டு வார்த்தைதான். சொந்தப் படகு வச்சிருக்கிறவர் அதே தொட்டிக்கு வந்தா ஒவ்வொரு அள்ளலுக்கும் காசு குடுக்கணும். அவர் தன்னோட தொட்டியை எப்படிப் பார்த்துக்கிறார்னு கவனிங்க. செத்ததை உடனே எடுப்பார், தண்ணி ஓட்டத்தைச் சரி பார்ப்பார், மிச்சத்தை அடுத்த ஆளுக்குக் குடுப்பார். அதே கடல், அதே மீன். வித்தியாசம் பில்லுல மட்டும்தான்.

இப்ப சட்டத்தைப் பார்ப்போம். ப்ளூஃபின் குறைஞ்சுபோச்சுன்னு 2015ல விளையாட்டு மீன்பிடிப்பவருக்கான வரம்பை ஒரு நாளைக்கு 10ல இருந்து 2 ஆக்கினாங்க. படகுல ஒவ்வொரு சூரையையும் எண்ணுவாங்க. நல்லது. அந்த மீன் மீண்டதுக்கு உலகம் முழுக்கப் போட்ட இந்த மாதிரிக் கட்டுப்பாடுகள்தான் காரணம். 2034க்குள்ள தொடணும்னு வச்ச இலக்கை 2021லயே தொட்டுடுச்சுன்னு 2024ல வந்த கணக்கெடுப்பு சொன்னது. எண்ணினாங்க, பிழைச்சது.

சாளைக்கு என்ன வரம்பு? கலிஃபோர்னியா விளையாட்டு மீன்பிடி விதியில பொதுவா ஒருத்தருக்கு 20 மீன், ஒரே இனத்துல 10க்கு மேல கூடாது. அதுக்குக் கீழேயே 'வரம்பு இல்லை'ன்னு ஒரு பட்டியல் இருக்கு. சார்டின் அந்தப் பட்டியல்ல இருக்கு.

இத்தனைக்கும் 2015 ஜூலையில இதே மீனைத் தொழில்முறையா பிடிக்கிறதை மூடிட்டாங்க. காரணம் எளிது. ஒரு வயசும் அதுக்கு மேலயும் ஆன மீன்களோட மொத்த எடை 1,50,000 டன்னுக்குக் கீழ போனா மூடணும்னு விதி. போச்சு, மூடினாங்க. 2019ல மதிப்பீடு 28 ஆயிரம் டன்னுக்கும் கீழ. 50,000க்குக் கீழ போனாலே 'அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டது' வகையில சேரும்ங்கிறதால அப்படியே அறிவிச்சாங்க. 2015ல இருந்து 2025 வரைக்கும் தொடர்ந்து பத்து சீசன், சாளை பிடிச்சுப் பிழைச்ச வலைக்காரருக்குக் கதவு மூடியே இருந்தது. திறந்திருந்த வாசல்கள்ல முக்கியமானது ஒண்ணு: உயிர் இரை.

அதாவது, சாப்பிடறதுக்குப் பிடிக்கக் கூடாது. விளையாடறதுக்குப் பிடிக்கலாம். நான் எதையும் கூட்டிச் சொல்லலை மக்களே, விதியோட சாரமே இதுதான்.

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்கள். பின்னூட்டத்துல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

1) "இரைக்குப் பிடிக்கிறது கொஞ்சம்தான்."

உண்மை. இரை வலைக்காரர் பிடிக்கிறது வருஷாந்திர வரம்புக்குள்ள கணக்காகுது, அந்தக் காலத்து டின் ஆலைகளோட ஒப்பிட்டா அது தூசு. ஆனா கூட்டம் பெருசா இருந்தப்ப கொஞ்சமா தெரிஞ்சது, கூட்டம் சுருங்கினப்புறமும் அதே மாதிரி கொஞ்சமா தெரியுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. படகுல 25 பேர், ஆளுக்கு மணிக்கு 10 மீன், ஆறு மணி நேரம். 1,500 மீன். இது நான் வச்சுக்கிட்ட எண்கள்தான், பாதியாக்கிக்கோங்க, பரவாயில்லை. இதுல எத்தனை தூண்டிலுக்குப் போச்சு, எத்தனை வீடியோவுக்குப் போச்சுன்னு யாராவது எழுதி வைக்கிறாங்களா? நான் ஏறின எந்தப் படகிலும் பார்த்ததில்லை. மெமரி லீக் வேலையும் இப்படித்தான். ஒரு தடவைக்குப் போறது சில பைட்டுதான். யாரும் லாக் பண்ண மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுக்கும்.

2) "சாளை இயற்கையாவே ஏறி இறங்கும்."

இதுவும் உண்மை. சான்டா பார்பரா பக்கத்துக் கடலடிச் சேற்றுல படிஞ்சிருக்கிற செதில்களை எண்ணி, ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு இந்த மீன் பெருகினதையும் குறைஞ்சதையும் விஞ்ஞானிகள் வரைஞ்சு காட்டியிருக்காங்க. தொழில்முறை மீன்பிடியே இல்லாத காலத்துலயும் குறைஞ்சிருக்கு. சரி, அதுக்கு என்ன? கோடையில ஏரி தானா வத்தும். அதுக்காக வத்துற மாசத்துல மோட்டார் போட்டு இறைப்பீங்களா? 1930கள்ல வருஷத்துக்கு அஞ்சு லட்சம் டன்னுக்கு மேல அள்ளினாங்க. மான்டரேல ஒரு தெரு முழுக்க டின் ஆலை. 1945ல ஸ்டெயின்பெக் அந்தத் தெருவை வச்சு நாவல் எழுதி வெளியிட்ட சில வருஷத்துலயே மீன் போச்சு. 1967ல தடை போட்டாங்க, 1986லதான் மறுபடி கொஞ்சமா திறந்தாங்க. இயற்கையா இறங்கிற நேரத்துல மனுஷன் மேல ஏறி உட்கார்ந்தா எழுந்திருக்க எத்தனை வருஷம் ஆகும்னு இதுவே சொல்லும்.

3) "தெற்குக் கலிஃபோர்னியா பக்கம் வர்றதுல நிறைய மெக்சிகோ பக்கத்துக் கூட்டம், அது நல்லாத்தான் இருக்கு."

இந்த வாதம் உண்மையிலேயே ஆராய வேண்டியது. வடக்குக் கூட்டம் எது, தெற்குக் கூட்டம் எதுன்னு பிரிக்கிறதுல விஞ்ஞானிகளுக்குள்ளயே சண்டை இருக்கு. ஆனா இது மூடினது சரியா தப்பாங்கிற கேள்விக்குத்தான் பதில். கடற்காக்காவுக்குத் தூக்கிப் போடலாமாங்கிறதுக்குப் பதில் இல்லை.

4) "இரை இல்லைன்னா படகுத் தொழிலே படுத்துடும்."

இரையை நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லையே! நானும் போறவன்தான், போகவும் போறேன். ஒரு காலத்துல இந்த ஊரை சூரைத் தலைநகரம்னு சொல்லுவாங்க. அப்ப மூங்கில் கழியும் உயிர் இரையும்தான் ஆயுதம். அப்படிச் சூரை பிடிக்கிற வித்தையைக் கொண்டு வந்தவங்க ஜப்பானிய மீனவர்கள். சூரைக் கூட்டத்தைப் படகோட நிறுத்தி வைக்க எத்தனை சாளை, எப்ப, எந்தப் பக்கம் போடணும்னு கணக்கு வச்சிருந்த ஆளுங்க. இன்னைக்கும் நல்ல படகுல வேலை செய்யற பையனைப் பாருங்க, ரெண்டு மூணா எறிஞ்சுட்டு நிறுத்துவான். இரை தீர்ந்தா அன்னைக்குப் பிழைப்பு தீர்ந்ததுன்னு அவனுக்குத் தெரியும். தெரியாதது டிக்கெட் வாங்கின நமக்குத்தான்.

அதனால நான் கேட்கிறது நாலே நாலு.

ஒண்ணு, இரையை டிக்கெட்டுல இருந்து பிரிங்க. அள்ளலுக்கு இவ்வளவுன்னு தனியா பில் போடுங்க. டிக்கெட் விலையை அந்த அளவுக்குக் குறைச்சாலும் சரி, பில்லுல ஒரு வரி தெரியணும்.

ரெண்டு, எத்தனை அள்ளல் ஏத்தினோம், எத்தனை செத்தது, எத்தனை மிச்சம்னு படகு எழுதி வைக்கட்டும். சூரையை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

மூணு, கிளம்பறதுக்கு முன்னாடி பாதுகாப்பு உடை பத்திச் சொல்றப்பவே இரையைப் பத்தியும் ரெண்டு நிமிஷம் சொல்லட்டும். கசக்காதே. சின்ன வலையால எடு. செதில் உதிராத, மூக்கு சிவக்காத மீனா பாரு. மூக்குல மாட்டு, சுழட்டாம மெதுவா தண்ணியில விடு. நல்லா நீந்துற ஒரு சாளை, செத்த பத்து சாளைக்கு மேல. இது தர்மம் மட்டும் இல்லை, மீன் கிடைக்கிற வழியும் அதுதான்.

நாலு, ப்ளூஃபின் இருட்டுல இரும்புத் தூண்டிலையே நல்லா எடுக்கும். அந்த நேரத்துல சாளையை விட்டுடுங்க.

கடைசியா நம்மாளுங்களுக்கு. கேரளாவுல 2012ல நாலு லட்சம் டன் கிட்ட வந்த மத்தி, 2021ல வெறும் 3,297 டன். அந்த வருஷம் மத்தி விலையைக் கேட்டு வாயைப் பிளந்தவங்க நம்ம வீடுகள்லயே இருக்காங்க. இந்த ஊர் ஆசியக் கடையில உறைஞ்ச மத்தி பாக்கெட் தேடி முக்கால் மணி நேரம் கார் ஓட்டுற அதே ஆள், சனிக்கிழமை படகுல ஏறினதும் "இரைதானே"ங்கிறது எனக்குச் சத்தியமா புரியலை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "அப்ப சூரைக்கு வலிக்காதா, மீன் பிடிக்கிறதே பாவம் இல்லையா"ன்னு கேட்க வர்ற சைவ அன்பர்களுக்கு: நியாயமான கேள்வி, தனிப் பதிவாத்தான் போடணும். இங்க கும்மி சாளைக்கு மட்டும்.