சேஷாசலத்தில் சட்டம் செல்லாதாம்!

செம்மரம் வெட்டப் போகிறவனுக்கு ஆட்கொணர்வு மனு ஒரு கேடா என்று கேட்கிறார் ஒரு மேதாவி. வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவில் அவர் அடுக்குவது மூன்று. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் ராணுவச் சட்டம் ரகசியமாக அமலில் இருக்கிறது, அங்கே எந்த மனுவும் எடுபடாது என்பது ஒன்று. திருப்பதி முதல் ஹைதராபாத் வரை நீதிமன்றங்களைக் கடத்தல்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது இரண்டு. ஆட்கொணர்வு மனு என்பதே திருடனை வெளியே எடுக்க வக்கீல்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்பது மூன்று.

மூன்றும் பொய். அதிலும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும் பொய். மனுவே எடுபடாத இடத்தில் நீதிமன்றத்தைக் காசு கொடுத்து வாங்க எந்தக் கடத்தல்காரனுக்குப் பைத்தியம்?

ராணுவச் சட்டத்திலிருந்தே வருவோம். நம் அரசமைப்பின் 34-ஆவது பிரிவில் அந்தப் பேச்சு வருகிறது. அந்தச் சட்டம் நடந்த பகுதியில் அதிகாரிகள் செய்த காரியங்களுக்கு நாடாளுமன்றம் பிறகு பாதுகாப்புச் சட்டம் போடலாம் என்பதே அதன் சாரம். அரசமைப்பு வந்த 1950 முதல் நாட்டின் எந்த மூலையிலும் ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதில்லை. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவுக்கு உச்ச நீதிமன்றமே கதவைச் சாத்தியது உண்மை. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். அந்தக் கறையைத் துடைக்கத்தான் 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலும் உயிருக்கான உரிமையை முடக்க முடியாது என்று அது எழுதிவைத்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பையே தவறென்று தூக்கிப்போட்டது. பிரதமரே நெருக்கடி நிலை கொண்டுவந்தாலும் முடியாததை, ஒரு மலைக்காட்டில் யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டார்களாம்.

அடுத்து, விலைபோன நீதிமன்றம். 2013 டிசம்பரில் திருமலைக் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். கொடூரம்தான். அதற்காகத் தமிழ்நாட்டுக் கூலிகளைக் கூட்டங்கூட்டமாக அள்ளிப்போட்டார்கள். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 287 பேரை விடுதலை செய்தது. பார்த்தீர்களா, காசு பேசிவிட்டது என்கிறார் மேதாவி. நீதிமன்றத்தையே வாங்கத் தெரிந்தவர்கள் ஒரு ஜாமீன்கூட வாங்க முடியாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஏன் சிறையில் கிடந்தார்கள்? யார் அடித்தது என்று காட்டாமல் 287 பேரை வரிசையில் நிறுத்தினால் எந்த நீதிபதி தண்டிப்பார்? அந்த இருவரின் குடும்பத்துக்கும் நீதி கிடைக்காமல் போனதற்கு அந்த அள்ளிப்போடலைத்தான் குறை சொல்ல வேண்டும்.

விலைபோன நீதிமன்றக் கதைக்கு இன்னொரு சோதனை, 2015 ஏப்ரல் 7. அன்றைய சித்தூர் மாவட்டத்தில், சந்திரகிரியை ஒட்டிய காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். கல்லும் கோடாரியுமாகத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். உடன் வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்தே பிடித்துப் போனார்கள், ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் தப்பினேன் என்றார் பிழைத்த ஒருவர். தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னாலும் அதையே சொன்னார். அவர் சொல்வது மெய்யானால், பிடித்தவர்களை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருக்க வேண்டும். திருப்பதி நீதிமன்றம் ஒன்றும் கடல் கடந்து இல்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அதிரடிப்படைமீது கொலை வழக்குப் பதிவானது. தண்டனை பெற்ற காவலர் என்று இன்றுவரை ஒருவரும் இல்லை. விலை கொடுத்தவர்களுக்குச் சரக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

மூன்றாவது பொய்தான் ஆபத்தானது. ஆட்கொணர்வு மனு திருடனா, உத்தமனா என்று கேட்பதில்லை. ஆள் எங்கே, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. சட்டப்படி பிடித்த போலீஸுக்கு அதற்குப் பதில் சொல்ல ஒரு தாள் போதும். பதில் இல்லாதவனுக்குத்தான் அந்தக் கேள்வி கசக்கும். மரம் வெட்டியவனுக்கு வனச் சட்டத்தில் சிறை இருக்கிறது, பிடித்தவனைச் சுட்டுத்தள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

கடைசியாக ஒன்று. உயிரோடு கோர்ட்டுக்கு வரும் கூலி, ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் தன்னைக் கூட்டிப் போன ஏஜென்ட் யார், அவனுக்கு மேலே யார் என்று வாய் திறக்கக்கூடும். பிணம் திறக்காது. கடத்தல் முதலாளிக்கு இதைவிட வசதி வேறில்லை. அந்த வசதிக்கு நாள் முழுக்கத் தொண்டை வறளப் பேசிவிட்டு, நீதிமன்றம் விலைபோய்விட்டது என்கிறார் இவர்.